சிலை பார்க்க நின்றவள்

"கைய அந்தக் கல்லு மேல வெச்சுக்கோடி. தலையத் தூக்கி மேல பாரு. ரசிச்சுப் பாக்கறா மாதிரி பாரு."

தோழி விசாலம் சொன்னபடியே செய்தேன். வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனின் வெளிப்பக்கத் தூண் ஒன்றில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்தேன். வெயில் ஏறிவிட்ட ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஆனாலும் அந்தக் கல் குளிர்ந்திருந்தது. தூணின் உச்சியில் கல் இலைகள் சுருண்டு கிடந்தன. இலைகளுக்கு நடுவே ஒரு குரங்கு. சற்றுத் தள்ளி ஏதோ ஒரு பறவை, கழுத்தைத் திருப்பித் தன் முதுகைக் கொத்திக்கொண்டிருந்தது.

சேலைக்குள் என் வலது கால் நடுங்கியது. தொடையிலிருந்து பூட்ஸ் வரை அதற்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. முட்டியில் ஒரு பூட்டு. ரயிலிலிருந்து இறங்கி, பிளாட்பாரம் முழுக்க நடந்து வெளியே வந்ததற்கே தொடைத்தசை துடிக்க ஆரம்பித்திருந்தது.

நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைத் தொப்பி வைத்த பார்சிப் பெரியவர் ஒருவர் மட்டும் நான் எதைப் பார்க்கிறேன் என்று தாமும் நின்று மேலே பார்த்தார். "ப்யூட்டிஃபுல், நோ?" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தம் வழியே போனார்.

விசாலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வரப் பார்த்தது. பிறந்து வளர்ந்த பம்பாயில், நடுத்தெருவில், ஒருவர்கூட 'உச்' கொட்டாமல் நான் நின்று இளைப்பாறியது அதுதான் முதல் தடவை.

நின்றால் கூடுகிறவர்கள்

டெலிஃபோன் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வான கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மா, வேலை கிடைத்தது சரி. அந்தக் காலோடு தாராவியிலிருந்து ஃபோர்ட் பகுதி ஆபீசுக்கு எப்படிப் போய் வந்தீர்கள்?" அதே கேள்வியைத்தான் அன்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அங்கே கேட்டவர் அப்பா. பதிலையும் அவரே சொல்லிவிட்டார். போக வேண்டாம்.

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது நடக்கப் பழகிய வயதில். பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் சைக்கிள் கேரியரில் போனேன். அப்புறம் இரும்பு மாட்டினார்கள். மாட்டுங்கா ஹைஸ்கூலில் விசாலம் என் பக்கத்து பெஞ்சு. அவள் வீடு ஸ்டேஷனுக்கு அடுத்த தெருவில், மாடியில். அவளுடைய அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோரும் ஃபோர்ட்டில் ஆபீஸ் உத்தியோகம். படிப்பு முடிந்ததும் அவளும் டைப்பிஸ்ட்டாகப் போய்விட்டாள். நான் வீட்டில் இருந்தேன்.

என்னால் நடக்க முடியாது என்பதில்லை. நிற்காமல் நடக்க முடியாது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனால் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்படி நிற்பதுதான் எனக்கு எமன். பம்பாயில் எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஓடுகிற கூட்டத்தில் ஒரு பெண் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள். "க்யா ஹுவா பேட்டி?" என்ன ஆச்சு மகளே என்பார் ஒருவர். ஒரு அம்மாள் காலைக் குனிந்தே பார்ப்பாள். ஒருமுறை மாட்டுங்கா மார்க்கெட் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ஒருவர் என் கையில் காசை வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அதற்குப் பிறகு நான் மாதக்கணக்கில் வெளியே போகவில்லை.

அப்பா போட்ட தடை

அப்பாவுக்குத் தாராவியில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஊர் நாசரேத் பக்கம். ஊறவைத்த தோலின் வாடை அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை. எங்களுக்கு அது வாடையாகத் தெரிந்ததும் இல்லை. என் கால் இரும்பில் பூட்டுகிற வார்களை ஆஸ்பத்திரியில் கொடுத்தபடி அவர் விட்டுவைக்கவில்லை. கடினமாக இருக்கிறது, பிள்ளைக்குத் தோல் உரியும் என்று பிரித்துப் போட்டுவிட்டு, ஆட்டுத்தோலில் மெத்தென்று தாமே தைத்தார். நான் வளர வளர வாரும் வளர்ந்தது.

அப்படிப்பட்டவர்தான் வேலைக்குப் போகக் கூடாது என்றார். நேர்முகத்துக்கு நான் விசாலத்தோடு டாக்ஸியில் போய்விட்டு வந்திருந்தேன். தினமும் டாக்ஸியில் போக நாங்கள் சேட்டு வீடா? பஸ்ஸோ நிற்பதுபோல் நின்று கிளம்பிவிடும். அதன் படி என் இடுப்பு உயரம். ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு நடந்தே தீர வேண்டும்.

"ஏட்டி மணி, நான் ஒன்னும் கெட்டதுக்குச் சொல்லல. அங்ஙன காரும் பஸ்ஸுமா பேய் மாரி வாரான். நடுரோட்டுல விழுந்தா ஆரு தூக்குவா?"

"விழ மாட்டேம்ப்பா."

"வீட்டுக்குள்ளயே விழுதியே."

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அன்று போகாவிட்டால் அந்த நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும்.

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து என்னைப் பார்க்க வந்த விசாலம் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் மாட்டுங்கா மாடி வீட்டுப் பெண். எங்கள் சந்தின் சாக்கடையைச் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டி வருவாள். வந்தால் அம்மா போடுகிற கடுங்காப்பியைக் குடிக்காமல் போகமாட்டாள். அன்று டம்ளரைக் கையில் உருட்டியபடி யோசித்தாள்.

"நடக்கறதுல ஒனக்குக் கஷ்டமில்லே. நிக்கறதுலதானே? ஃபோர்ட்ல திரும்பின பக்கமெல்லாம் சிலைடி. நின்னு பாக்கறதுக்குன்னே வெச்சிருக்கான். சிலையப் பாக்க நிக்கறவாள யாரு ஏன்னு கேக்கப் போறா?"

நான் அவளையே பார்த்தேன்.

"நாளைக்கு ஒனக்குச் சர்ச் முடிஞ்சதும் வா. போய்ப் பாத்துடலாம். ஒங்க ஆபீஸ் வரைக்கும்."

"ஆபீஸ் வரைக்கும் இல்ல," என்றேன். "கேட்வே வரைக்கும். கடல் வர நடந்துட்டா, பாதி தூரத்துல இருக்க ஆபீசுக்கு நடக்க மாட்டான்னு ஒருத்தரும் சொல்ல முடியாது."

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அப்பா கேட்டா விசாலம் வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுதேன்," என்றாள். பிறகு, "சாயங்காலத்துக்குள்ள வந்துரு," என்றாள்.

தலைக்கு மேல் ஒரு ஊர்

தூணை விட்டுவிட்டு நகர்ந்தோம். ஸ்டேஷன் வாசல் கதவருகே ஒருபுறம் சிங்கம், ஒருபுறம் புலி. சிங்கம் வெள்ளைக்காரர்களுக்கு, புலி நமக்கு என்று விசாலத்தின் அண்ணன் சொல்லியிருக்கிறானாம். கோபுரத்தின் உச்சியில் கையில் தீப்பந்தத்தோடு ஒரு பெண். இத்தனை வருஷம் எத்தனை முறை டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு அந்த வழியே போயிருப்பேன்! அவளைப் பார்த்ததில்லை. எனக்குத் தரையைப் பார்த்தே பழக்கம். எங்கே கல், எங்கே பள்ளம், எங்கே வாழைப்பழத்தோல் என்று கண் எப்போதும் பாதத்துக்கு முன்னால் ஓடும்.

அன்று, நிற்கும்போதெல்லாம் மேலே பார்க்க வேண்டியிருந்தது. நடிப்புக்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் நடிப்பு எங்கோ போய்விட்டது. ஃபோர்ட்டுக்குப் போகும் பெரிய ரோட்டில் கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதை உண்டு. அதன் தூண்களின் தலையில் கல் பூக்கள், மீசை வைத்த முகங்கள், இறக்கை முளைத்த ஏதேதோ மிருகங்கள். ஒரு முகத்துக்கு மூக்கு உடைந்திருந்தது. ஒன்றின் வாய்க்குள் சிட்டுக்குருவி வைக்கோல் கொண்டுபோய்க் கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"அதோ பாரு, எங்க ஹெட்கிளார்க்," என்றாள் விசாலம். கன்னம் உப்பிய ஒரு கல்முகம். அதன்பிறகு எங்களுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. எங்கள் கணக்கு டீச்சர் ஒரு வளைவின் மூலையில் இருந்தார். பாதிரியார் ஒருவரும் இருந்தார்.

ஒரு சந்து திரும்புகிற இடத்தில் உயரமான புதுமாதிரிக் கட்டடம். அதன் சுவரோடு சுவராக ஆளுயரத்துக்கு மேல் உருவங்கள் புடைத்து நின்றன. ராஜா இல்லை, தேவதை இல்லை. உழுகிறவர்கள், சுமக்கிறவர்கள், வேலை செய்கிற பெண்கள். அங்கே நான் அதிக நேரம் நின்றேன். கால் வலிக்காக இல்லை.

"போலாமாடி?" என்றாள் விசாலம்.

"இரு. இவங்க எல்லாரும் நம்ம சந்து ஆளுங்க மாரி இருக்காங்க."

ஃபவுண்டனில்

ஃப்ளோரா ஃபவுண்டன் நடுரோட்டில் இருக்கிறது. சுற்றிலும் வண்டிகள் வளைத்துக்கொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமையானதால் நெரிசல் குறைவு என்று துணிந்து குறுக்கே போய் அதன் விளிம்பை அடைந்துவிட்டோம். உச்சியில் பூக்களின் தேவதை. கீழே மீன்களும் சிப்பிகளும். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காற்று திரும்பும்போது சாரல் முகத்தில் அடித்தது. நான் சேரப்போகும் ஆபீஸ் எதிர்ப்புறம்தான். மூடிய ஜன்னல்களை விசாலம் காட்டினாள்.

திரும்பவும் ரோட்டைக் கடக்கும்போதுதான் அது நடந்தது. அந்தப் பக்கம் ட்ராம் ஓட்டம் நின்றுவிட்டிருந்தாலும், பழைய தண்டவாளம் சில இடங்களில் தாருக்குள் புதைந்தபடியே கிடந்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது. பூட்ஸின் முனை தண்டவாளப் பள்ளத்தில் சிக்கியது. முகம் அடிபடாமல் கைகள் முந்திக்கொண்டன. விழுந்துவிட்டேன்.

பிரேக் போடும் சத்தம் என் தலைக்கு மேலேயே கேட்டது. தார் கொதித்தது. "அரே, கிர் கயீ பேச்சாரி!" பாவம், விழுந்துட்டா என்று ஒரு குரல். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்தார்கள்.

"ஹாத் மத் லகாவ்!" தொடாதீங்க என்று கத்தினேன். அப்படி என் குரல் வரும் என்று எனக்கே தெரியாது. "மை உட்டேகி. மை அப்னே சே உட்டேகி." நானே எழுந்துகொள்வேன் என்றேன்.

கைகள் விலகின. விசாலம் அழுதுகொண்டிருந்தாள். "நான் பிடிக்கட்டுமாடி?"

"வேண்டாம். என் கைப்பைய மட்டும் வச்சுக்க."

அப்போது ஒரு போலீஸ் ஹவல்தார் வந்தார். மஞ்சள் தொப்பி, நீல அரைக்கால் சட்டை. அவர் என்னைத் தூக்குவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கமே குனியவில்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் விரித்து, வருகிற வண்டிகளை எல்லாம் நிறுத்தினார். ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது. "சுப் பைட்!" என்று ஒரு அதட்டல் போட்டார். பிறகு தலையை மட்டும் திருப்பி, "ஆராம் சே, பெஹன்," மெதுவா எழுந்திரு தங்கச்சி, என்றார்.

இரும்பு மாட்டியவர்கள் எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முட்டிப் பூட்டு பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் காலை நீட்டியபடியே வைத்து, நல்ல காலை மடக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, பின்பக்கத்தை மேலே தூக்கி, கைகளை ஒவ்வொன்றாகக் காலை நோக்கி நகர்த்தி வர வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம் அது. அன்று ஃப்ளோரா ஃபவுண்டனில், பஸ்ஸும் காரும் சைக்கிளும் காத்து நிற்க, அத்தனை பேர் பார்க்கச் செய்தேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை எழுந்து நின்றேன்.

ஹவல்தார் கைகளை இறக்கினார். வண்டிகள் நகர்ந்தன. டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். பாவப்பட்டுத் தட்டியதா, மெச்சித் தட்டியதா தெரியாது. நான் மெச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

நடைபாதையில் ஏறியதும் விசாலம் தன் கைக்குட்டையால் என் உள்ளங்கையைத் துடைத்தாள். "போறும்டி மணி. ஒங்க ஆபீஸ் வந்தாச்சு. நீ நடந்துட்டே. டாக்ஸி வெச்சுண்டு போயிடலாம்."

"இங்கயே முடிச்சா, ஃபவுண்டன்னா விழுந்ததுதான் ஞாபகம் வரும். வா, கடலப் பாத்துருவோம்."

கறுப்புக் குதிரை

அடுத்து நின்ற இடம் காலா கோடா, அதாவது கறுப்புக் குதிரை. குதிரைமேல் ஒரு இங்கிலாந்து ராஜா. ராஜாவின் பெயரைச் சொல்லி யாரும் அந்த இடத்தைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. குதிரையின் பெயரில்தான் இடம். கறுத்துப்போன வெண்கலத்தின் கழுத்து நரம்புகள்கூடத் தெரிந்தன. ராஜாவின் தலையில் ஒரு காக்கை உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கத்தியது.

இங்கே கொஞ்சம் முன்னால் தாவிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்து சில வருஷங்களுக்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் சிலைகளை நகரத்தில் அங்கங்கே எடுத்தார்கள். அந்தக் குதிரையையும் கொண்டுபோய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலாற மியூசியம் பக்கம் நடந்து போகிற பழக்கம் எனக்கு வந்திருந்தது. குதிரையருகில் ஒரு தடவை நிற்பேன். ஒருநாள் போனால் இடம் வெறிச்சென்று கிடக்கிறது. எதைப் பார்த்து நிற்பது? நிற்காமலே போனேன். மியூசியம் வாசல் வந்த பிறகுதான், நடுவில் நிற்கவே இல்லை என்று உறைத்தது. அத்தனை வருஷத்தில் தொடை அந்த அளவுக்குத் தேறியிருந்தது. அதை ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்களுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

முழுசா எடுங்க

கடல் காற்று முதலில் வந்தது. அப்புறம் உப்பு வாடை, வறுத்த கடலை வாடை. கேட்வேயின் பெரிய வளைவு தெரிந்ததும் விசாலம் என் கையைப் பிடித்தாள். நான் விடுவிக்கவில்லை. அது என்னைத் தாங்குவதற்கான பிடி இல்லை.

அங்கேயும் குதிரைமேல் ஒரு ராஜா. இவர் மராட்டிய மன்னர், புதிதாக வைத்திருந்தார்கள். பீடத்தைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். ஒரு தகப்பன் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். வி.டி.யிலிருந்து நாங்கள் பார்த்து வந்ததில் ஜனங்கள் கும்பிட்டு நின்ற சிலை இது ஒன்றுதான்.

கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக் கேமராவோடு ஒரு போட்டோக்காரர் எங்களை மறித்தார். அங்கேயே கழுவிக் கொடுப்பாராம். என்னைப் பார்த்ததும் நல்லெண்ணத்தோடு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தால் இடுப்புவரை எடுக்கலாம், கால் தெரியாது என்று கையால் அளந்து காட்டினார்.

"நை," என்றேன். "பூரா லேவ். கடா ரஹ்கே." நின்றபடி, முழு உருவமும் எடுக்கச் சொன்னேன்.

ஸ்டூலை எடுத்துவிட்டார். சேலையைக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூட்ஸும் இரும்பும் தெரிய, பின்னால் கடலும் வளைவும் தெரிய.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மாவுக்குப் பொய் நிலைக்காது, கேட்டதும் சொல்லிவிட்டிருக்கிறாள். அப்பா வைய வாயெடுத்தார். நான் போட்டோவை நீட்டினேன். இன்னும் ஈரம் காயாமல் ஒட்டியது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பின்னால தெரியுதது கடலா?"

"கடல்தாம்ப்பா."

"எதுல போன?"

"வி.டி.யில இருந்து நடந்து."

அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிராய்ப்பு.

"விழுந்தியோ?"

"விழுந்தேன்."

"ஆரு தூக்குனா?"

"ஒருத்தரும் தூக்கல. நானே எந்திரிச்சேன்."

அப்பா போட்டோவைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவளுக்கும் சேத்து வெள்ளன சோறு கட்டு," என்றார்.

பெரிய ரோடு

முதல் நாள் வேலை எப்படிப் போனது என்பது தனிக்கதை. எத்தனை கனெக்ஷனைத் தப்பாகக் கொடுத்தேன் என்பதை இன்னொரு சமயம் சொல்கிறேன். அன்று மாலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

சயான் ஸ்டேஷன் படிகளில் கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாகக் கம்பியைப் பிடித்து இறங்கி வந்தேன். கீழே பீடிக் கடையருகில் அப்பா. தோல் ஷாப்பிலிருந்து நேராக வந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார், ஆனால் படியேறி வரவில்லை. நான் கடைசிப் படி இறங்கும்வரை அங்கேயே நின்றார். கடைக்காரரிடம் தமக்குத் தெரிந்த இந்தியில் என்னைத் தம் மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "மேரா லட்கி. ஃபோர்ட் மே ஆபீஸ். டெலிஃபோன்."

கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

எங்கள் வீட்டுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு குறுக்குச் சந்து உண்டு. சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. சின்னப் பிள்ளையிலிருந்து அப்பா என்னை அந்த வழியாகத்தான் கூட்டிப்போவார். தூரம் குறைவு என்பார். வேறு காரணமும் உண்டு என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருநாளும் நாங்கள் அதைப் பேசியதில்லை.

அன்று அவர் சந்துப் பக்கம் திரும்பவில்லை. கடைகளும் டீக்கடையும் நம் ஊர்க்காரர்களும் நிறைந்த பெரிய ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்.

"அப்பா, இது சுத்துல்லா?"

"சுத்துதான். கடல் வரைக்கும் நடந்தவளுக்கு இது ஒரு தூரமா? வா, நாலு பேரு பாக்கட்டும்."

காலையிலிருந்து நடந்த கால். ஒவ்வொரு அடிக்கும் தொடை விண்ணென்று தெறித்தது. ஆனாலும் சந்து வழியே போகலாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா டீக்கடை டீக்கடையாக நின்று, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அவர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.